பழையதானது எது?

சென்ற தை மாதம் உத்திரமேரூரில் ஒரு நண்பர் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, நெற்கழனிகளுக்கு நடுவே இருக்கும் ஊர் அது. வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள குடவோலைக் கல்வெட்டினால் அதற்குப் புகழ். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து காட்டுவார்கள். பிள்ளைகளும் கல்லைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டே வண்டி ஏறுவார்கள். நானும் இதற்கு முன் இரண்டு தடவை அப்படித்தான் பார்த்திருக்கிறேன். இந்த முறைதான் நின்று நிதானமாகப் படித்தவர்களிடம் கேட்டுப் புரிந்துகொள்ளத் தோன்றியது. அப்படித் தோன்றச் செய்தவன் நண்பரின் மகன். அவன் ஒரு விமானி.

அவனுக்கு முப்பத்தாறு வயது. அவனை விமானப் பயிற்சிக்கு அனுப்புவதற்காக அவனுடைய தாத்தா இரண்டு காணி நிலத்தை விற்றார். எட்டு வருஷங்களாக அவன் விசிறி விமானம் ஓட்டிக்கொண்டிருந்தான். கடைசி மூன்று வருஷம் காப்டனாக, இடது பக்கத்து நாற்காலியில். நான் போயிருந்த சமயம் அவன் விடுமுறையில் வந்திருந்தான். விடுமுறை என்று அவன் சொன்னான். அவன் அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

முதல் நாள் மாலை இருவரும் ஏரிக்கரையில் நடந்தோம். தலைக்கு மேலே வெகு உயரத்தில் ஒரு விமானம் தெற்கு நோக்கிப் போயிற்று. நான் அண்ணாந்து பார்த்தேன். கரையோரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனும் பார்த்தான். விமானி பார்க்கவில்லை.

"என்னப்பா, உன் ஜாதிப் பறவை போகிறது, நீ பார்க்கவில்லையே?" என்றேன்.

"அது என் ஜாதி இல்லை, மாமா. அது ஜெட்" என்றான். சிறிது தூரம் நடந்த பிறகு, "என் ஜாதியைத்தான் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள்" என்றான்.

அவனுடைய கம்பெனி விசிறி விமானங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட முடிவு செய்துவிட்டதாம். அவனுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. ஒரு மாதத்துக்குள் பதில் எழுத வேண்டும். ஜெட் விமானத்துக்கு மாற வேண்டுமானால் மாறலாம். பயிற்சிச் செலவில் பெரும்பகுதி அவனுடையது. பயிற்சி முடிந்த பின்னும் காப்டன் உத்தியோகம் கிடையாது. மறுபடியும் வலது பக்கத்து நாற்காலியில் துணை விமானியாகத் தொடங்க வேண்டும். இஷ்டமில்லாவிட்டால் விலகிக்கொள்ளலாம்.

"கடிதத்தில் ஒரு தவறும் இல்லை, மாமா. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். விமானம் பழசாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். நாலைந்து தடவை படித்துப் பார்த்தேன். பழசானது விமானமா, நானா என்றுதான் தெரியவில்லை."

இந்தக் கேள்விக்கு அன்று மாலை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்தவரையில் இங்கே எழுதுகிறேன்.

விசிறி விமானம் என்று நான் சொல்வது டர்போபிராப் விமானத்தை. ஜெட் எஞ்சினில் இருப்பது போன்ற சுழலிதான் அதற்குள்ளும் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் வெளியே இருக்கும் பெரிய விசிறியைச் சுற்றுவதற்கே உழைக்கிறது. விசிறி காற்றைப் பின்னுக்குத் தள்ள, விமானம் முன்னே போகிறது. ஜெட்டைவிட வேகம் குறைவு; பறக்கும் உயரமும் குறைவு. ஆனால் கிட்டத்து ஊர்களுக்குப் போகும்போது எண்ணெய்ச் செலவு மிகவும் குறைவு. நீண்ட ஓடுபாதையும் வேண்டியதில்லை. ஆகையால் சின்ன ஊர்களுக்கு ஆகாய வழி காட்டியது பெரும்பாலும் இந்த விமானந்தான். 2017 ஏப்ரலில் சிம்லாவுக்கும் டில்லிக்கும் இடையே உடான் திட்டத்தின் முதல் விமானம் பறந்தபோதும், 2018 மார்ச்சில் சென்னையிலிருந்து சேலத்துக்கு அந்தத் திட்டத்தில் விமானம் விட்டபோதும், போனவை ஏ.டி.ஆர். என்னும் விசிறி விமானங்களே.

இன்று பழையது என்று சொல்லப்படும் இதுவும் ஒரு காலத்தில் புதியதாக வந்து பழையதை விரட்டியதுதான். 1953இல் இங்கிலாந்தில் வைக்கவுண்ட் என்ற விமானம் பிரயாணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கியது. டர்போபிராப் வகையில் அதுவே முதல். 1957இல் அது நம் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வந்தது. 1961இல் ஃபோக்கர் ஃப்ரெண்ட்ஷிப் வந்தது. பிறகு, கான்பூரில் நம்மவர்களே கட்டிய ஆவ்ரோ வந்தது. இந்த மூன்றுக்கும் எஞ்சின் ஒன்றே: ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் டார்ட். காதைத் துளைக்கும் அதன் ஊளையைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். இவை வர வர, யுத்த காலத்து டக்கோட்டாக்கள் ஓரங்கட்டப்பட்டன. டக்கோட்டாவில் கை தேர்ந்த விமானிகளும் அன்று இதே கேள்வியை மனத்துக்குள் கேட்டிருக்கத்தான் வேண்டும்.

விமானம் மட்டுமா மறைகிறது? சில சமயம் நாற்காலியே மறைந்துவிடுகிறது. பழைய பெரிய ஜெட் விமானங்களில் இரண்டு விமானிகளுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். எஞ்சின்களின் போக்கைக் கவனிப்பதே அவர் வேலை; ஃபிளைட் எஞ்சினீயர் என்று பெயர். கம்ப்யூட்டர் வந்தது, அந்த நாற்காலியே இல்லாமல் விமானங்களைக் கட்டினார்கள். விமானிக்காவது மாறிப்போக வேறொரு விமானம் இருக்கிறது. அவருக்கு மாறிப்போக வேறு நாற்காலியே இல்லை.

இதையெல்லாம் அன்று இரவு சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். தாத்தா ஒரு மூலையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எண்பத்தெட்டு வயது. காது நன்றாகக் கேட்கும், வேண்டாதபோது கேட்காது.

"எனக்கும் அப்படித்தான் ஆச்சு" என்றார் திடீரென்று.

வாலிபத்தில் அவர் கவலை ஓட்டியவர். கவலை என்றால் என்னவென்று இப்போது பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கிணற்றிலிருந்து சால் கட்டி, இரண்டு மாடுகளைப் பூட்டித் தண்ணீர் இறைப்பது. சரிவில் மாடுகள் இறங்கும்போது ஓட்டுகிறவன் கயிற்றின்மேல் உட்கார்ந்து பாரம் கொடுப்பான். சால் மேலே வந்து தண்ணீர் கொட்டியதும் மாடுகளைப் பின்னோக்கி நடத்தி ஏற்ற வேண்டும். மாட்டை முன்னே நடத்த எவனாலும் முடியும். பின்னே நடத்துவதற்குத்தான் வித்தை வேண்டும். அந்த வித்தையில் தாத்தாவுக்குச் சுற்று வட்டாரத்தில் பெயர் இருந்தது. 1960களில் ஊருக்கு மின்சாரம் வந்தது, மோட்டார் வந்தது. ஒரே கோடையில் கவலை நின்றுவிட்டது.

"கவலை போச்சு, கவலை வந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தாத்தா தம் சொல்லுக்குத் தாமே சிரித்தார். பலமுறை சொல்லிப் பழகிய சிரிப்பு.

"அப்புறம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"மோட்டார் தண்ணியை மேல கொண்டாந்து கொட்டிடும். எந்தக் கழனிக்கு எவ்வளவு வேணும்னு அதுக்குத் தெரியுமா? மடை திறக்கிற வேலைக்குப் போனேன். நாலு வருஷம் கழிச்சுத்தான் மனசு சரியாச்சு."

மனம் சரியாக நான்கு வருஷம்! அந்த ஒரு வாக்கியத்தில் நான் தேடிய பதிலின் பாதி இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு மனிதனின் தொழில் திறமையில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று, யந்திரத்தோடு சேர்ந்தது, கைப்பழக்கம். மற்றொன்று, மனிதனோடு சேர்ந்தது. அதை விவேகம் என்று சொல்லலாம். மாட்டைப் பின்னோக்கி நடத்துவது முதல் வகை. எந்த வயல் வாடியிருக்கிறது என்று பார்த்தவுடன் அறிவது இரண்டாம் வகை. கவலை மறைந்தபோது முதலாவதும் உடன் மறைந்தது. இரண்டாவது மடைக்குப் போய்ச் சேர்ந்தது.

விமானியிடமும் இந்த இரண்டும் இருக்கின்றன. விசிறி விமானத்தில் விசையைக் கூட்டினால் விசிறிக் காற்று உடனே இறக்கையின்மேல் பாய்ந்து விமானத்தைத் தாங்கிப் பிடிக்கும். இறங்கும்போது கடைசி நேரத்தில் ஒரு சிறு பிழையைத் திருத்திக்கொள்ளலாம். ஜெட் எஞ்சினோ வேகம் பிடிக்கச் சில விநாடிகள் எடுத்துக்கொள்ளும். ஆகையால் அங்கே முன்கூட்டியே நினைக்க வேண்டும். "எட்டு வருஷமாகக் கைக்குப் பழக்கிய ஒன்றை, கையே, மற என்று சொல்ல வேண்டும், மாமா. அதுதான் கஷ்டம்" என்றான் அவன். முதல் வகைத் திறமை அடுத்த யந்திரத்தில் உதவாதது மட்டும் அல்ல. சமயத்தில் அதுவே பகையாகவும் முடியும். ஆனால் மேகம் கறுத்திருக்கும்போது இறங்க முயல்வதா, திரும்பிவிடுவதா என்று தீர்மானிக்கும் மனம் இருக்கிறதே, அது எந்த விமானத்திலும் ஒன்றுதான். எழுபது பேரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, தன் கௌரவத்தைப் பார்க்காமல் 'வேண்டாம், திரும்புவோம்' என்று சொல்லத் தெரிவதை எந்த யந்திரமும் கொடுக்கவில்லை. ஆகவே எந்த யந்திரமும் அதை எடுத்துக்கொண்டு போகவும் முடியாது.

இப்படிச் சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? 'திறமை உன்னுடையது, யந்திரம் போனால் போகட்டும்' என்று முதுகில் தட்டிவிட்டுப் போவது சுலபம். வேதாந்தம் எப்போதும் அடுத்தவன் விஷயத்தில் சுலபம். ஒரு பழக்கத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதற்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்தை யார் கொடுப்பது? இதுதான் தர்மப் பிரச்னை.

காலம் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? 2015 பிப்ரவரியில் தைவானின் தலைநகரமான தைபேயில் ஓர் ஏ.டி.ஆர். விமானம் மேலே கிளம்பிய சில நிமிஷங்களில் ஆற்றில் விழுந்தது. 58 பேரில் 43 பேர் மாண்டார்கள். ஓர் எஞ்சினில் கோளாறு. அவசரத்தில் காப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்றோர் எஞ்சினை நிறுத்திவிட்டார். விசாரித்தவர்கள் கண்டவற்றுள் ஒன்று இது: அதே விமானத்தின் பழைய மாதிரியிலிருந்து புதிய மாதிரிக்கு அவர் மாறியபோதே, கிளம்பும் நேரத்தில் எஞ்சின் பழுதானால் என்ன செய்வது என்பதில் அவருக்கு இன்னும் பயிற்சி தேவைப்பட்டது. அந்த விபத்துக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் மாறுகிற மனிதனுக்குப் போதிய காலமும் பயிற்சியும் கொடுப்பது அவனுக்குச் செய்யும் தயவு அல்ல என்பதை அது சொல்லுகிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் நம் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது.

கம்பெனியின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். பலவகை விமானங்களை வைத்துக்கொண்டால் பலவகைப் பயிற்சி, பலவகை உதிரிப் பாகங்கள், பலவகைப் பழுதுபார்ப்பவர்கள் வேண்டும். ஒரே வகை என்றால் செலவு குறையும். அமெரிக்காவில் ஹொரைஸன் ஏர் என்ற கம்பெனி 2023 ஜனவரியில் தன் கியூ400 விசிறி விமானங்களுக்கு விடை கொடுத்துவிட்டு, ஒரே வகை ஜெட்டை மட்டும் வைத்துக்கொண்டது. நம் நாட்டிலோ விமானத்தை மட்டும் அல்ல, கம்பெனியையே மூடிய கதைகள் உண்டு. 1981இல் தொடங்கி, பத்தொன்பது பேர் உட்காரும் டார்னியர் விமானங்களைச் சின்ன ஊர்களுக்கு விட்ட வாயுதூத், 1993இல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைக்கப்பட்டது. சென்னையிலிருந்து ஃபோக்கர் விமானங்களை ஓட்டிய என்.இ.பி.சி. 1997இல் நின்றது. ஏ.டி.ஆர். விமானங்களையும் வைத்திருந்த கிங்ஃபிஷர் 2012இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும் நின்றன. நஷ்டத்திலேயே பறந்துகொண்டிரு என்று ஒரு கம்பெனியைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. பழைய விமானத்தைக் கைவிடுவது பாவம் அல்ல.

பாவம் எங்கே தொடங்குகிறது? இதைத்தான் உத்திரமேரூர்க் கல் எனக்குச் சொல்லியது.

மூன்றாம் நாள் காலையில் விமானியை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனம் அது. 919இலும் 921இலும் ஊர்ச் சபை செய்துகொண்ட ஏற்பாடு. ஊரில் முப்பது குடும்புகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அப்படி வந்தவர்களைக் கொண்டு ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியன அமைத்தார்கள். எல்லாருக்கும் அதில் இடம் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. வேதம் படித்த, நிலமும் வீடும் உடைய அந்தணர் சபை அது. ஏர் பிடித்தவன் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. அந்தக் குறையை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவது எனக்குச் சம்மதம் இல்லை.

ஆனாலும் அதில் இரண்டு விதிகள் என்னை நிறுத்தின. ஒன்று, வாரியத்தில் அமர்ந்தவர் 360 நாள் பணி செய்துவிட்டு இறங்கிவிட வேண்டும். மறுபடி அவர் பெயர் குடத்தில் விழ மூன்று வருஷம் போக வேண்டும். மற்றொன்று, குற்றம் செய்தவரை அப்போதே நீக்கிவிட வேண்டும். அதாவது, பதவியை விட்டுப் போவதற்கு இரண்டு வாசல்கள் வைத்திருந்தார்கள். ஒன்று காலம் முடிந்து போகும் வாசல். மற்றொன்று குற்றம் செய்து போகும் வாசல். முதல் வாசலில் போகிறவனுக்கு அவமானம் இல்லை. ஏனென்றால், வந்து உட்காரும் நாளிலேயே இறங்கும் நாள் அவனுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும்.

நண்பர் மகன் குற்றம் ஒன்றும் செய்யவில்லை. அவனுடைய விமானத்தின் காலந்தான் முடிந்தது. ஆனால் அந்தக் கடிதம் அவனை எந்த வாசல் வழியாக அனுப்புகிறது? ஒரு மாதத் தவணை, சொந்தச் செலவு, கீழ் நாற்காலி. படிக்கிறவனுக்கு அது இரண்டாவது வாசல் போலத்தான் தோன்றுகிறது. அங்கேதான் பாவம் தொடங்குகிறது. விமானத்தைக் கைவிடும் முடிவு ஒரே ராத்திரியில் எடுத்ததாக இருக்க முடியாது. எத்தனையோ மாதங்கள் கணக்குப் பார்த்திருப்பார்கள். அந்தக் கணக்கு நடக்கும்போதே, 'உன் காலம் இன்ன தேதிவரை. அதற்குள் உன்னை மாற்றிக்கொள்ள இன்ன உதவி' என்று சொல்லியிருந்தால், அதே முடிவு அவனை இப்படி வருத்தியிராது. இழப்பைத் தடுக்க முடியாத இடத்திலும் அவமானத்தைத் தடுக்கலாம். முன்கூட்டிச் சொல்லுவதற்குப் பணம்கூட அதிகம் வேண்டாம்.

"இன்னொரு விதியையும் கேட்டாயா?" என்றேன் அவனிடம். "921ஆம் வருஷத்து ஏற்பாட்டின்படி முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் இருப்பவன் பெயரைத்தான் குடத்தில் போடலாம். உனக்கு முப்பத்தாறு. இந்தக் கல் கணக்குப்படி உனக்கு இப்போதுதான் யோக்கியதை தொடங்குகிறது."

நான்கு நாளில் அவன் முதல் தடவையாகச் சிரித்தான்.

அவனுக்கும் ஒரு கடமை இருக்கிறது என்று அப்போது சொன்னேன். யந்திரம் போனதும் தானே போய்விட்டதாக நினைப்பதும் ஒருவகை அகம்பாவந்தான். இடது நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு வலது நாற்காலி கசக்கும். ஆனால் கசப்பதற்குக் காரணம் திறமை போனது அல்ல, பட்டம் போனது. 1985இல் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்குப் பெண்களே ஓட்டிச் சென்ற ஃபோக்கர் விமானத்துக்குத் தலைமை தாங்கியவர் காப்டன் சௌதாமினி தேஷ்முக். அவரும் அந்த விசிறி விமானத்தோடு நின்றுவிடவில்லை; பின்னால் போயிங்கும் ஏர்பஸ்ஸும் ஓட்டினார். ஒவ்வொரு தடவையும் மாணவியாகத்தானே தொடங்கியிருக்க வேண்டும்? தெரிந்தவன் மறுபடி தெரியாதவனாக உட்காருவதற்கு ஒரு தைரியம் வேண்டும். புயலில் விமானத்தை இறக்கும் தைரியத்துக்கு அது குறைந்தது அல்ல.

அவன் பதில் சொல்லவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடியற்காலையில் எழுந்து வாசலுக்கு வந்தேன். தாத்தா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கழனிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். பேரன் பின்னாலேயே போனான். கிழவர் ஒரு வரப்பின்மேல் நின்று கையை நீட்டி எதையோ காட்டினார். பேரன் மண்வெட்டியை வாங்கி மடையை வெட்டிவிட்டான். தண்ணீர் எந்தப் பக்கம் போயிற்று என்று தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

அன்று பகலில் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது, "பதில் எழுதிவிட்டேன், மாமா. வலது நாற்காலிக்குச் சம்மதம் என்று எழுதினேன்" என்றான்.

"நல்லது."

"இன்னொன்றும் எழுதியிருக்கிறேன். எனக்குக் கீழே ஆறு பேர் இருக்கிறார்கள். சின்னப் பையன்கள். எல்லாரும் கடன் வாங்கிப் படித்தவர்கள். அவர்களுக்கு இன்னும் கடிதம் வரவில்லை. எந்தத் தேதி என்று அவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்."

"சொல்லுவார்களா?"

"தெரியாது, மாமா. கேட்க வேண்டியது என் வேலை" என்றான்.

பஸ் புறப்பட்டது. பழையதானது விமானமா, நானா என்று கேட்டானே, அந்தக் கேள்வியை அவன் மறந்துவிட்டான் போலிருந்தது. நான் நினைவுபடுத்தவில்லை.